சீனி டப்பாவின் சாவி

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, குழந்தைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை நோயைப் பற்றியவை என்பதால் அவற்றுக்கு மட்டும் இந்தப் பகுதியை ஒதுக்கியிருக்கிறேன். முதல் கடிதம் ஆறு பக்கம். சுருக்கித் தந்திருக்கிறேன், ஊர்ப்பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் மேலூருக்குப் பக்கம். கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மகளுக்கு டைப் 1 சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து நாளுக்கு நான்கு ஊசி போடுவது, ஆறேழு முறை விரலில் குத்திப் பார்ப்பது, இரவு மூன்று மணிக்கு எழுந்து பார்ப்பது எல்லாம் நான்தான். கணவர் ஊசியை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை, உன் வீட்டு வழியில் வந்தது" என்கிறார் மாமியார். சீனி டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொன்னதைத் தினமும் சொல்கிறார். பெண் பிள்ளை என்பதால் வெளியே தெரியக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வீடே மதுரைக்குப் போனது. நானும் மகளும் மட்டும் வீட்டில் இருந்தோம். சென்ற வாரம் மகன் என்னிடம், "எனக்கும் சுகர் வந்திருந்தால் நீ என்கூடவும் பேசுவாய்தானே அம்மா?" என்று கேட்டான். இத்தனை நாள் அழாத நான் அன்று அழுதுவிட்டேன். நான் எங்கே தவறினேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கும் தவறவில்லை. நாளுக்கு நான்கு ஊசி என்றால் ஒன்றரை ஆண்டில் 2,000 ஊசிகளுக்கு மேல் நீங்கள் ஒருவரே போட்டிருக்கிறீர்கள். வார்டில் செவிலியர்கள் நாங்கள் மூன்று ஷிப்டாகப் பிரித்துச் செய்த வேலை அது. நோய் ஒரு குழந்தைக்கு வந்தது, அதைப் பார்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் வந்து விழுந்தது, வீட்டில் மற்றவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. செய்ய வேலை இல்லாதவர்களைப் பயம் எளிதில் பிடித்துக்கொள்கிறது. கணவர் எழுந்து வெளியே போவதும், மாமியார் டப்பாவைப் பூட்டுவதும் அந்தப் பயத்தினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே நான் எழுதப் போவது பெரும்பாலும் வேலையைப் பங்கு பிரிப்பது பற்றியே இருக்கும்.

கணவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் ஒதுங்கியதில் என்னைப் போன்ற செவிலியர்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த குழந்தைகள் வார்டில், ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அம்மாவைக் கட்டிலருகே உட்கார வைத்துக்கொள்வோம். அப்பாவிடம் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கிவர அனுப்பிவிடுவோம். அவர் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாடம் முடிந்திருக்கும். வீட்டுக்குப் போன பிறகு அப்பாக்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கடையை அரைநாள் அடைக்கச் சொல்லி அவரையும் அழைத்துச் செல்லுங்கள்; செவிலியர் பக்கத்தில் நிற்க, முதல் ஊசியை அவர் அங்கேயே போடட்டும். தராசில் கிராம் பார்த்துப் பழகிய கைக்கு இன்சுலினை அளக்கும் யூனிட் பார்ப்பது பெரிய வித்தையில்லை.

ஒன்றை மட்டும் அவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அளவுகளில் வருகின்றன. 40-க்கு உரிய சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு. குப்பி ஒரு அளவும் சிரிஞ்சு வேறு அளவுமாக மாறிப்போனால், உடலுக்குள் போகும் மருந்து இரண்டரை மடங்கு கூடிவிடும், அல்லது அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பேனா ஊசி என்றால் இந்தத் தொல்லை இல்லை. கடையில் வாங்குகிறவர் அவர் என்பதால், குப்பியையும் மூடியையும் ஒத்துப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பத்து நாள் பழகியபின், இரவு மூன்று மணிக்கு எழுவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் ஏற்றுக்கொள்ளட்டும். இன்னும் எல்லா இரவுகளிலும் பார்க்க வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நோய் கண்ட புதிதில் சொன்னதை யாரும் மறுபடி கேட்டுத் திருத்திக்கொள்வதில்லை. அவர் எழும் இரவில் நீங்கள் எழுந்து நின்று மேற்பார்வை பார்க்கக் கூடாது. ஊசி போடுவதைவிட உங்களுக்கு இது கடினமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது மாமியார். 'வழியில் வந்தது' என்று அவர் சொல்வது, பெரியவர்களுக்கு வரும் டைப் 2-ஐப் பார்த்துப் பழகிய பேச்சு. உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு. நோய்க் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே எதிரி என்று எடுத்துக்கொண்டு அழித்துவிட்டது. பரம்பரைக்கு இதில் ஓரளவு இடம் இருந்தாலும், இந்நோய் வருகிற பெரும்பாலான குழந்தைகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததுமில்லை. இதையெல்லாம் நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். மருத்துவர் வாயால் வந்தால் அப்பத்தா கேட்பார். அவரையும் அதே நாளில் அழைத்துப் போங்கள்.

சிறுகுறிஞ்சான் விஷயத்தில் மட்டும் என்னால் பக்குவமாகப் பேச முடியாது. கணையம் கொஞ்சமாவது சுரக்கிற பெரியவர்களின் கதை வேறு. உங்கள் மகளின் கணையத்தில் தூண்டிவிடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எந்தப் பொடியும் அங்கே போய் வேலை செய்ய வழியில்லை. இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இழுத்து மூச்சு வாங்குவது, மூச்சில் பழவாடை என்று தொடங்கி, மயக்கத்தில் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாலும் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். இன்சுலினைக் கண்டறியும் முன் இந்தக் குழந்தைகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் இருந்தார்கள். 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் அந்த ஊசி முதன்முதலில் போடப்பட்டது. அப்பத்தாவின் தாத்தா காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளையை எவராலும் காப்பாற்ற முடிந்திருக்காது என்பதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். (இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேன்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளை உலக நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள். அதே நாளில் நம் பள்ளிகளில் குழந்தைகள் தினம் என்று மிட்டாய் கொடுக்கிறோம். இந்தப் பொருத்தம் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.)

இனிச் சீனி டப்பாவுக்கு வருகிறேன். நம் மதுரைப் பக்கத்தில் நோய்க்குப் பெயர் சர்க்கரை, டப்பாவில் இருப்பதற்குப் பெயர் சீனி. பேச்சில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும் நாம், வீட்டில் மட்டும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். ஊசி போடும் குழந்தைக்குச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கும்போது, அதாவது 'லோ' ஆகும்போது, சீனிதான் மருந்து. கை நடுங்கும், நெற்றியும் கழுத்தும் குளிர்ந்து வியர்க்கும், பசி எடுக்கும், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவாள். அந்நேரத்தில் தேக்கரண்டியால் மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்து, ஏறியிருக்காவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். டப்பா பீரோவில் பூட்டியிருக்க, சாவி அப்பத்தாவின் முந்தானை முடிச்சில் இருக்க, அப்பத்தா கோயிலுக்குப் போயிருக்கும் ஒரு சாயங்காலத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் டப்பாவை அடுப்படி மேடைக்குக் கொண்டுவந்து, இந்த வேலையை அப்பத்தாவிடமே ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளையின் கழுத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்த கை இனிக் குளிர்ந்த வியர்வைக்கும் தொட்டுப் பார்க்கட்டும். பேத்திக்குச் சீனியைக் கொடுக்கவே கூடாது என்று ஒன்றரை ஆண்டாகக் காவல் இருந்தவர், கொடுத்துக் காப்பாற்றும் இடத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டால், உங்கள் வீட்டு வழி பற்றிய பேச்சும் மெல்லக் குறையும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது, பள்ளியில் சொல்லவில்லை என்ற வரி. ஒன்பது வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் தினமும் ஏழெட்டு மணி நேரம் இருக்கிற இடத்தில் அவளைத் துணையில்லாமல் விட்டிருக்கிறீர்கள். விளையாட்டு வகுப்பில் லோ ஆகி உட்கார்ந்துவிட்டால், அவள் சோம்பேறி என்றுதான் ஆசிரியர் நினைப்பார். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டியதில்லை. வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், ஆட்டோ ஓட்டும் அண்ணன், பக்கத்து வீடு, அவளோடு பெஞ்சில் உட்காரும் தோழி ஆகிய ஐந்து பேருக்குத் தெரிந்தால் போதும். டைப் 1 உள்ள பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் பிள்ளையும் பெற்று வாழ்கிறார்கள். அந்தப் பேச்சு வரும் காலத்தில் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளலாம். சொன்னதும் பின்வாங்குகிற வீட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டது நல்லதுதானே. இன்னொன்று: நீங்கள் மறைப்பதைப் பார்த்துத்தான், தன் உடம்பில் இருப்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அவள் கற்றுக்கொள்வாள்.

மகன் கேட்டதற்கு அழாமல் இருக்க முடியாதுதான். அவனுக்குத் தேவை என்னவென்று அவனே சொல்லிவிட்டான். வாரத்தில் ஒரு சாயங்காலம், சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் மகளையும் கணவரிடம் விட்டுவிட்டு, மகனோடு மட்டும் மேலூர் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தங்கையின் பெயர் உங்கள் வாயில் வரக் கூடாது. வீட்டில் இருக்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் "தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்று அவனைச் சின்னக் கம்பவுண்டர் ஆக்கிவிடாதீர்கள். லோ ஆனால் என்ன செய்வது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இந்த வயதில் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று உண்டு: நமக்கும் வந்துவிடுமோ என்பது. உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான் என்பதையும், இது தொற்றுநோய் இல்லை என்பதையும் அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தாகம் கூடி, அடிக்கடி சிறுநீர் போய், எடை குறைந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைக்காரர் மகன் மிட்டாயை ஒளித்துத் தின்றுகொண்டிருப்பான் என்பது என் ஊகம். தவறாக இருந்தால் மன்னிக்கவும். அண்ணனுக்கு ஒளிவு, தங்கைக்குப் பத்தியம் என்று இரண்டு சமையல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. என்றாவது இனிப்பு உண்டென்றால் அவளுக்கும் உண்டு, அதற்கு எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்தை, மீட்டரில் செருகிச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, அடுத்த சித்திரைக்கு அவளை அழைத்துக்கொண்டு போங்கள். நாட்டுச்சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டும் கூட்டத்தில் இவளை எப்படிக் கொண்டு நிறுத்துவது என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். செம்பை அவள் கையிலேயே கொடுங்கள். சர்க்கரையைத் தொடுவதால் சர்க்கரை ஏறாது. அவளைப் பொறுத்தவரை அன்று கவனிக்க வேண்டியது நடையும் வெயிலும்தான். நெடுநேரம் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்பதால், புறப்படும் முன் குத்திப் பார்த்து, ஏதாவது சாப்பிட வைத்து, குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றை அவள் பையிலும் ஒன்றை அண்ணன் சட்டைப் பையிலும் வையுங்கள். இன்சுலினை வண்டிப் பெட்டியில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். அதற்காக ஐஸ்கட்டி மேல் நேராகவும் வைக்கக் கூடாது, உறைந்த மருந்து பயன்படாது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் போதும். குப்பியை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவில் போவதால் மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் அப்படியே உறைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கிடைக்குமா?

– வாசகர், திருமங்கலம்

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நெடுநாள் நோய்களில் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய இரத்த நோய்கள் அதில் உள்ளன. சர்க்கரை நோய் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் ஒரு மாணவிக்கு இன்சுலின் ஊசி போடுகிறார்கள் என்று அவள் அம்மா வந்து சொன்னார். காலையில் பள்ளிக்கு வந்ததும் சில நாள்களில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்கிறாள். அவள் மட்டும் வகுப்பில் பிஸ்கட் தின்பதை மற்றவர்கள் குறை சொல்கிறார்கள். தனியாக முன் பெஞ்சில் உட்கார வைக்கலாமா?

பதில்: முதல் கடிதத்தை எழுதிய தாய் உங்களைப் போல ஓர் ஆசிரியையைத்தான் தேட வேண்டும். காலையில் படுத்துக்கொள்வதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அவள் பள்ளியில்தான் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். அப்படியென்றால், வீட்டில் ஏழு மணிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு, வரும் வழியெல்லாம் நடந்து, எட்டேகாலுக்கோ எட்டரைக்கோ உப்புமா தட்டு கைக்கு வரும்வரை வெறும் வயிற்றோடு இருக்கிறாள் என்று பொருள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது மருந்தைப் பொறுத்தது. எப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அம்மாவை அழைத்துப் பேசி, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதா, பள்ளிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்வதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

தனி பெஞ்ச் வேண்டாம். பிஸ்கட்டைப் பற்றி வகுப்பில் ஒரே ஒரு முறை, அவளையும் அம்மாவையும் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள். கண்ணாடி போட்ட பையன் கண்ணாடியைக் கழற்றாமல் இருப்பது போல இதுவும் என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் தின்பண்டம் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதி கொடுத்துவிட்டது. நம் வகுப்பறைக்கு இது பெரிய சலுகை இல்லை. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் எப்போது கேட்டாலும் அனுப்புங்கள். லோ ஆனதாகத் தெரிந்தால் மட்டும் அவளைத் தனியே எங்கும் அனுப்பாதீர்கள். தலைமையாசிரியர் அறை வரை நடப்பதுகூட அப்போது கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே குளுக்கோஸ் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

குளுக்கோஸ் பாக்கெட்டையும் அம்மாவின் கைப்பேசி எண்ணையும் உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருப்பீர்கள். நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளில் அதன் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.